கப்பலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை

ஒரு சின்னத் தீவு நாடு தன் முதல் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. கப்பல் உள்ளே வந்ததும் தளத்தின் தண்ணீரை இறைத்துவிட்டு, அது உட்காரவேண்டிய தாங்கிகளை வரைந்துகொடுத்தவன் நான், ஹூஸ்டனில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இருந்தபடி. எல்லாவற்றையும் இரும்பிலேயே வரைந்தேன். உறுதிக்கு இரும்பை விட்டால் வேறென்ன என்ற நினைப்பு. இருபது வருடமாகக் கப்பல்களைத் திரையில் பார்த்தவன், ஒன்றின் அடியிலும் போய் நின்றதில்லை.

ஒரு சனிக்கிழமை கால்வெஸ்டனில் ஒரு கப்பல் பட்டறையைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நானும் மனைவியும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படியிறங்கினோம். தலைக்கு மேலே ஒரு சரக்குக் கப்பல். எங்கள் தெரு முழுக்க அதன் நிழலில் அடங்கிவிடும். அதன் அடிவயிறு தாங்கிகளைத் தொட்ட இடத்திலெல்லாம் ஒரு மரக்கட்டை இருந்தது. அத்தனை கனத்தையும் தான் வாங்கிக்கொண்டு, கப்பல் தகட்டின் வளைவுக்கேற்ப நசுங்கிக் கிடந்தது. தகட்டில் ஒரு நெளிசல் இல்லை.

"ஏங்க, நீங்க ட்ரா பண்ணினதுல இந்தக் கட்டையையே காணோமே?" என்றாள் மனைவி.

சுருக்கென்று கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

காரில் ஏறியதும் தீவின் பொறியாளருக்கு மன்னிப்புக் கேட்டு மெயில் அனுப்பினேன். மனைவி காரை ஃப்ரீவேயில் ஏற்றுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"மரம் எப்போதோ போட்டாகிவிட்டது. யாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நீங்கள் வரையாமல் விட்டதாக நினைத்தோம். மீன்பிடிப் படகைக்கூட நாங்கள் வெறும் இரும்பில் உட்கார வைப்பதில்லை."