அப்பாவின் மஞ்சள்காமாலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் அப்பளம் பொரிக்கவில்லை. கடுகு தாளிக்கவில்லை. மீன்காரர் தெருவில் கூவிக்கொண்டு போனால் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவாள். எல்லாம் அப்பாவுக்கு வந்த மஞ்சள்காமாலைக்காக. அந்த மஞ்சள்காமாலை அப்பாவுக்கு வரவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

அப்போது ஆவடிப் பக்கம் சேக்காட்டில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். அப்பாவுக்கு அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. காலையில் அவர் பைக்கை உதைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் நான் பல் தேய்க்கவே போவேன். ஒரு திங்கட்கிழமை அந்தச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும் அப்படியே.

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. தலை வலிக்கிறதா, வயிறு வலிக்கிறதா, கால் வலிக்கிறதா என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையை ஆட்டினார். அப்புறம் என்னதான் செய்கிறது என்று கேட்டதற்கு, "தெரியலம்மா" என்றார். அப்பாவுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

கீழ்வீட்டில் வீட்டுக்காரர் குடும்பம். வீட்டுக்காரர் திருமழிசையில் ஒரு பட்டறையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். அவர் மனைவி, எனக்கு ஆன்ட்டி, வீட்டோடு இருப்பார். தெருவில் யார் வீட்டுப் பால் திரிந்தாலும் அவருக்குச் சேதி வந்துவிடும். அப்படிப்பட்டவர் மூன்று நாள் பொறுத்ததே பெரிசு. வியாழக்கிழமை காலையில் படியேறி வந்து, "இன்னாம்மா, சாரு மூணு நாளா வண்டியே எடுக்கல?" என்று கேட்டார்.

அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். கையெல்லாம் மஞ்சள்தூள். அதனால்தான் அந்த வியாதி அவள் வாயில் வந்திருக்க வேண்டும். "மஞ்சக்காமாலைக்கா" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திய பிறகு, யார் கேட்டாலும் அதையே சொல்லணும் என்றாள். அப்படியென்றால் அப்பாவுக்கு அது இல்லையா என்று கேட்டேன். "அதுமாதிரிதான்" என்றாள். பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்று மிரட்டி வளர்த்தவள் அவள். ஆபீஸுக்கும் போனில் அதையே சொன்னாள். அடுத்த மாதக் கடைசி வரைக்கும் லீவு கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள் என்று பெரியம்மாவிடம் போனில் சொல்லி அழுததை, கட்டிலுக்கு அந்தப்பக்கம் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே கேட்டேன்.

மஞ்சள்காமாலையில் ஒரு வசதி, ஆள் எத்தனை நாள் படுத்திருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் அது தனியாக வராது, பத்தியத்தோடு வரும் என்பதை அம்மா யோசிக்கவில்லை. எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது, காரம் ஆகாது. அப்பாவுக்கு மட்டும் மோர்சாதம் போட்டுவிட்டு நாங்கள் சாப்பிட்டிருக்கலாம். ஆனால் தாளிக்கிற வாசனை படியிறங்கிக் கீழே போய்விடுமே. காமாலைக்காரர் வீட்டில் வறுவல் வாசனை வந்தால் ஆன்ட்டி சும்மா விடுவாரா? ஆகவே மூன்று பேருக்கும் மோர்சாதம், மூன்று பேருக்கும் இட்லி. ஒருநாள் நான் அழுத அழுகை தாங்காமல் அம்மா ஜன்னலையெல்லாம் அடைத்து, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, எனக்கு ஒரு முட்டை பொரித்துக் கொடுத்தாள். பாத்ரூம் குழாய் எதற்கு என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பத்தியத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒரே ஆள் அப்பாதான். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலும் சொல்லிவைத்தேன். அதன்பிறகு வகுப்பில் ஒருத்தி என் பெஞ்சிலிருந்து எழுந்து போய்விட்டாள். என் வாட்டர் பாட்டிலை ஒருவரும் தொடுவதில்லை. இல்லாத வியாதி எப்படி ஒட்டிக்கொள்ளும் என்று கேட்கவும் வழியில்லை.

அம்மா அப்பாவை இரண்டு தடவை ஆவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரைகளைப் பழைய தைல டப்பாவில் போட்டுப் பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். சத்து மாத்திரை என்றாள். சத்து மாத்திரையை எதற்கு ஒளித்துவைக்கிறாள் என்பது அப்போது என் மண்டையைக் குடைந்த அடுத்த கேள்வி.

ஆன்ட்டி தன் பங்குக்கு விடவில்லை. தினமும் காலையில் கீழாநெல்லியை அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, டம்ளரோடு படியேறி வருவார். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம். அப்பா எழுந்து உட்கார்ந்து குடிப்பார், டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார், மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். மூன்று வாரம் இப்படியே போனது. ஆள் தேறவில்லை என்று ஆன்ட்டி முடிவு செய்து, திருமழிசையில் காமாலை இறக்குகிறவர் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை போயே ஆகவேண்டும் என்று நின்றார். அம்மாவால் மறுக்க முடியவில்லை. சொன்ன பொய்க்கு ஒரு பஸ் பயணமாவது செய்யத்தானே வேண்டும்.

ஆன்ட்டியோடு ஹைவேயில் இறங்கி ஒரு பழைய தெருவுக்குள் போனோம். தகரக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் முறை வந்ததும் அந்த ஆள் அவருடைய இரண்டு கையிலும் ஏதோ சாற்றைத் தடவி, சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். கீழே வெள்ளைப் பேசின். அதில் விழுந்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. சாதாரண மஞ்சள் இல்லை, பளிச்சென்று, சாமந்திப்பூ நிறத்தில்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எனக்குமா வருது?" என்று அந்த ஆளிடம் மெதுவாகக் கேட்டார். எல்லாம் இறங்கிவிடும் சார் என்று அவர் சொன்னதும் அப்பா அழ ஆரம்பித்தார். ஈரக் கை இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு, முகத்தைத் துடைக்க வழியில்லாமல் அழுதார். நாங்கள் மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யார் கையைக் கழுவினாலும் அந்தத் தண்ணீர் அப்படித்தான் வரும் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இல்லாத வியாதியை இருக்கிறது இருக்கிறது என்று ஊரெல்லாம் சொன்னோம், அது வந்தேவிட்டது. அம்மா நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். நான் ஒரு வகுப்பு முழுக்கச் சொன்னேன். கணக்குப் பார்த்தால் அப்பாவின் காமாலையில் பெரும்பங்கு என்னுடையது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேரே கீழ்வீட்டுக்குப் போனேன். ஆன்ட்டி அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அப்பாவுக்கு மஞ்சள்காமாலையே கிடையாது, முதல் நாளே கிடையாது, சும்மாவேதான் படுத்திருந்தார், நாங்கள் சொல்லிச் சொல்லித்தான் இப்போது வந்துவிட்டது என்றேன். ஆன்ட்டி திட்டுவார், அம்மாவைக் கூப்பிட்டு வீட்டைக் காலி பண்ணச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "எத்தினி நாளா கண்ணு குளிக்கல அவுரு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "உங்கிட்ட பேசறாரா?" இல்லை என்றேன். குழவியை எடுத்து அம்மியின் மேல் வைத்தார். "இத்த வேற யார்ட்டயும் சொல்லிகினு திரியாத. போ, போய்ப் படி" என்றார்.

அடுத்த நாள் காலையில் டம்ளர் வரவில்லை. கீழேயிருந்து குரல்தான் வந்தது.

"முட்டி பேஜாரா கீதும்மா. இனிமே என்னால படி ஏற முடியாது. சார இறங்கி வரச் சொல்லு."

அம்மா வாங்கிவரப் போனாள். ஆன்ட்டி கொடுக்கவில்லை. நோயாளி தானாக வந்து, கிழக்கே பார்த்து நின்று குடித்தால்தான் பலிக்கும் என்று திருமழிசைக்காரர் சொல்லியிருக்கிறாராம். நானும் அங்கேதான் இருந்தேன், அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா வெறுங்கையோடு மேலே வந்து அழுதாள். அப்பா அசையவில்லை. பத்து மணி வாக்கில், "முருங்க மரத்துக்கு ஊத்திட்டேம்மா. நாளைக்கும் அரைச்சி வெக்கறேன்" என்று கீழேயிருந்து சத்தம் வந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். முட்டி வலிக்காரர் ஒரு பக்கெட் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஏறினார். மூச்சுகூட வாங்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. உள்ளே ஓடிப்போய், ஆன்ட்டி பொய் சொல்கிறார், முட்டி வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அவள் முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாம் நாளும் முருங்கை மரம்தான் குடித்தது. மூன்றாம் நாள், ஆன்ட்டியின் குரல் வந்து கொஞ்ச நேரம் கழித்து அப்பா எழுந்து உட்கார்ந்தார். "அவங்க இன்னுமா நிக்காங்க?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றாள். சட்டை எங்கே என்று கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்த சட்டையில் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக நின்று நின்று இறங்கினார். போய்ப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் அம்மா என்னை விடவில்லை. கதவோரம் நின்று படிச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா கிழக்கே பார்த்துக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். ஆன்ட்டி தண்ணீர்த் தொட்டியின் சம்ப் மூடியில் உட்காரச் சொல்லி ஏதோ பேசினார். மோட்டார் காயில் போனது, தெருவில் தோண்டிப் போட்ட பள்ளம், இப்படி ஏதாவது இருக்கும். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிய பிறகு மேலே வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

அதற்கடுத்த நாளும் இறங்கினார். ஒரு வாரம் போனதும், பால் பாக்கெட் வாங்க மறந்துவிட்டேன், தெருமுனை வரைக்கும் போய்வாங்க சார் என்று ஆன்ட்டி அவர் கையில் பையைக் கொடுத்தார். என் ரத்தம் கொதித்தது. லீவு முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா ஷேவ் செய்துகொண்டார். அந்தத் திங்கட்கிழமை பைக் சத்தம் கேட்டது. அன்று ராத்திரி அம்மா எட்டு அப்பளம் பொரித்தாள்.

அதோடு அப்பாவுக்கு முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். இல்லை. பிறகும் சில வருஷங்களில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதுண்டு. ஆனால் அப்போதெல்லாம் அதற்கு என்ன பெயர் என்று வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. தைல டப்பா பருப்பு டின்னுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்திருந்தது.

ஆன்ட்டியிடம் மட்டும் நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். எழுந்து நிற்கவே தெம்பில்லாத மனுஷனைப் படி இறங்க வைத்தவர், கடைக்கு அனுப்பியவர், பொய்க்காரர். நான் உண்மையைச் சொன்னதற்குத்தான் எங்களைப் பழி வாங்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தீபாவளிக்கு அவர் கொடுத்த முறுக்கைத் தொடவில்லை. அம்மா திட்டினாள், ஒரு நாள் அடித்தும் பார்த்தாள். நான் மசியவில்லை.

அடுத்த வருஷம் நூம்பலில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிக் கிளம்பினோம். சாமான் ஏற்றிய டெம்போவில் டிரைவர் பக்கத்தில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அப்பா பின்னால் கட்டில் சரியாமல் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆன்ட்டி ஜன்னலருகே வந்து, நல்லா படி கண்ணு என்றார். ஒரு வருஷமாகச் சேர்த்துவைத்திருந்த விஷத்தையெல்லாம் நான் ஒரே கேள்வியில் இறக்கினேன். "முட்டி வலி போயிடுச்சா ஆன்ட்டி?"

அவர் திரும்பி, டெம்போவின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்த அப்பாவை ஒரு தடவை பார்த்தார்.

"அது அன்னிக்கே பூட்ச்சி கண்ணு."

இந்தப் பொம்பளைக்குக் கொஞ்சம்கூட வெட்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியை மேலே ஏற்றினேன்.