யேசுரட்ணம் எழுதிய மணித்தியாலங்கள்

ரெக்ஸ்டேலில் ஆரோ ஒருவர், வீட்டின் அடியில் வாடகைக்கு விட்ட பேஸ்மென்ற்றில் தான் வேலை செய்த மணித்தியாலங்களை வரிக் கந்தோருக்கு எழுதிக் கொடுத்தாராம். கட்டிய வரி முழுவதும் திரும்பி வந்ததாம். கோயில் பூசை முடிந்து கார் எடுக்கப் போகும்போது கூடவந்த இரத்தினவேல் சொன்ன கதை இது. அவருக்கும் வேறு ஆரோ சொன்னதுதான். யேசுரட்ணத்துக்கு அது போதுமாயிருந்தது.

அஜின்கோர்ட்டில் அவருடைய வீட்டுப் பேஸ்மென்ற்றில் இரண்டு அறைகள். கலியாணம், சாமத்தியவீடு என்று லண்டனிலிருந்து வருகிறவர்கள் கிழமைக் கணக்கில் தங்குவார்கள். துவைத்த விரிப்பும் காலையில் புட்டும் சம்பலும் உண்டு. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், வந்ததைவிடச் செலவே கூட.

"நட்டத்தை முந்தின வருசச் சம்பளத்திலயும் கழிக்கலாம் அண்ணை," என்றார் வரிக்கணக்குச் செய்து கொடுக்கும் சண்முகநாதன். "ஆனால் பேருக்கு நடத்திற வியாபாரமில்லை எண்டு காட்டவேணும். சொந்தக்காரர் எவ்வளவு நேரம் மினக்கெட்டவர் எண்டு கேப்பாங்கள்."

"அதுக்கென்ன, எழுதுவம்."

சுவர்க் கலண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு எழுதினார். மெத்தை தூக்கியது, கார்ப்பெற் கழுவியது, ஸ்நோ வழித்தது, எயார்போட்டில் பெட்டி ஏற்றியது. எழுத எழுத உற்சாகம் பிறந்தது. அவ்வளவும் செய்த களைப்புக்கூட வந்தது.

செய்தது அவரில்லை, மனைவி அன்ரனெற். அந்த வருடம் மாசி மாதமே யேசுரட்ணம் பக்டரியில் ஏணியால் விழுந்து முதுகடியில் நாரியை முறித்துக்கொண்டார். பாரம் தூக்கவே கூடாதென்று டொக்டர் எழுதிக் கொடுத்ததில், வேலையில் காயப்பட்டவர்களுக்கான கொம்பன்சேசன் காசு மாதாமாதம் வந்தது. வீட்டு மோட்கேஜ் கடன் போவது அந்தக் காசில்தான்.

யேசுரட்ணம் கையெழுத்து வைத்து அனுப்பிய கணக்குக்கு வரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இந்த வேலைகளையெல்லாம் அவரே செய்தாரா என்று வெள்ளிக்கிழமை ஒரு உத்தியோகத்தர் ரெலிபோனில் கேட்பாராம். அன்ரனெற் அதை இரண்டு தரம் வாசித்தாள்.

"மெத்தை தூக்கினது ஆர்?"

"ஒரு பேச்சுக்கு எழுதினது."

"ஓமோம். கக்கூசுக்குப் போறதெண்டாலும் என்ர தோளைப் பிடிச்ச மனிசன், ஸ்நோ வழிச்சதாம். கொம்பன்சேசன்காரன் அறிஞ்சால்?"

அப்போதுதான் யேசுரட்ணத்துக்கு அது உறைத்தது. உடனே சண்முகநாதனுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"நீங்கள் எனக்கு நாரிக் கதையைச் சொல்லேல்லையே அண்ணை! ஓம் எண்டு சொன்னால் கொம்பன்சேசனை மறக்கவேணும். குடுத்ததையும் திருப்பிக் கேப்பாங்கள். இல்லையெண்டால் பொய்க் கணக்குக் குடுத்ததெண்டு வரிக்காரன் விடமாட்டான்."

"மனிசி செய்தது எண்டு சொன்னால்?"

"வீடு ஆற்ற பேரில?"

"என்ர பேரில."

"அப்ப அவவின்ர மணித்தியாலம் கணக்கில வராது அண்ணை. சொந்தக்காரர் செய்ததுதான் கணக்கு."

அன்ரனெற் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். "வீட்டிலயும் என்ர பேரில்லை. செய்த வேலையிலயும் என்ர பேரில்லை. இப்ப பிடிபடேக்க மட்டும் நான் வேணும், என்ன?"



வெள்ளிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தபோது இருவரும் குசினியில் நின்றார்கள். ஓம் என்றால் இருக்கும் காசு போகும். இல்லையென்றால் தன் கையெழுத்தே தன்னைக் காட்டிக் கொடுக்கும். இடையில் ஒரு சொல் இருக்கிறதா என்று தமிழிலும் தேடினார், இங்கிலிசிலும் தேடினார்.

"எடுங்கோவன்," என்றாள் அன்ரனெற். "எடுக்காட்டிலும் அவங்கள் விடப்போறதில்லை."

அவர் கை நீளவில்லை. ரெலிபோன் அடித்துக்கொண்டேயிருந்தது.