மாப்பிள்ளையின் தண்ணீர் எந்திரம்

காலையில் எழுந்ததும் மாப்பிள்ளை பல்லைக்கூடத் துலக்காமல் மீன் தொட்டியின் முன்னால் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பேப்பர் டேப்பில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பார். நேற்றைய கோட்டுக்கும் இன்றைய கோட்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கும். அதைப் பார்த்து, "ராத்திரி முழுக்க ஃபேன் ஓடிருக்கு" என்பார். "வேர்த்துக் கொட்டுச்சு, போட்டேன். அதுக்கும் உங்க மீன்கிட்ட கேட்டுட்டுதான் போடணுமா?" என்று சமையலறையிலிருந்து பதில் வரும்.

பதில் சொல்வது என் தங்கை. கோடு கிழிப்பவர் அவள் கணவர், எனக்கு மாப்பிள்ளை. முப்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருப்பது இரண்டாவது மாடியில், நான் அதற்கு நேர் கீழே. மீன் தொட்டிக்கு நேர் அடியில், அளந்து வைத்ததுபோல, என் வீட்டு ஹாலின் கூரை.

அது உப்புத் தண்ணீர்த் தொட்டி, நாலடி நீளம். தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத் தினமும் ஊற்றியாக வேண்டும். ஒரே ஒரு மக். இந்த ஒரு மக் தண்ணீருக்காக மனிதர் எந்த ஊருக்கும் போவதில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்த் தனியாக வீடு எடுத்தாள். அந்த வீட்டின் வாசலை அவர் இன்னும் மிதிக்கவில்லை. "எப்பப்பா வரீங்க?" என்று அவள் போனில் கேட்கும்போதெல்லாம், "மிஷின் முடியட்டும்டா" என்கிறார்.

மிஷின் என்பது தானாகத் தண்ணீர் ஊற்றும் எந்திரம். ஒரு இருபது லிட்டர் கேன், கட்டைவிரல் அளவு மோட்டார், தண்ணீர் குறைந்தால் கீழே இறங்கி மோட்டாரைத் தட்டிவிட ஒரு மிதவை, பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய ரிலே என்கிற சுவிட்ச். மிதவை இறங்கியதும் ரிலே 'டக்' என்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கு மாப்பிள்ளையின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். என் தங்கை கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

முதல் தடவை கேனை ஸ்டூல்மேல் ஏற்றி, குழாயின் நுனியைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டிருந்தார். மோட்டார் ஒழுங்காக நின்றது. தண்ணீர்தான் நிற்கவில்லை. கேன் உயரத்தில், தொட்டி தாழ்வில். இருபது லிட்டரும் தானாகவே இறங்கிவந்து தொட்டியை நிரப்பி, தரையை நிரப்பி, என் நாற்காலிமேல் சொட்டியது. மேலே ஓடினேன். ஈரத்தில் நின்றுகொண்டு, "மோட்டார்ல ஒரு தப்பும் இல்ல மச்சான்" என்றார்.

இரண்டாவது தடவை குற்றவாளி ஒரு நத்தை. கண்ணாடியைத் துடைக்கட்டும் என்று அவரே வாங்கி விட்டது. அது போய் மிதவைமேல் சவாரி செய்ய, தண்ணீர் குறைந்துவிட்டதென்று எந்திரம் ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மறுநாள் மிதவையைச் சுற்றி ஒரு வலைக்கூண்டு. அன்றைக்குத்தான் என் தங்கை வீட்டில் டீ வடிகட்டி காணாமல் போனது.

மூன்றாவதாக, ஒரு மிதவைக்கு மேல் இன்னொரு மிதவை, அதற்கும் மேல் இன்னொன்று. "லிஃப்ட்ல எப்பவும் அப்படித்தான் மச்சான். ஒண்ணு கைவிட்டா இன்னொண்ணு புடிக்கணும்." மூன்றும் பிடித்த பிடியில் தண்ணீர் வரவே இல்லை.

"நான் கீழ வீட்லதானே குத்துக்கல்லாட்டம் இருக்கேன்? ஒரு மக் தண்ணி நான் ஊத்த மாட்டேனா?" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன். அவர் ஸ்குரூக்களைப் பழைய மூக்குக் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினார்.

என்னிடம் ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் நான்கு நாள் வெளியூர் போனபோது என்னை நம்பித்தான் சாவியைக் கொடுத்தார். நான் முதல் மூன்று நாள் மறந்துவிட்டு, நான்காம் நாள் ஒரு வாளியைத் தூக்கி மொத்தமாகக் கவிழ்த்தேன். உப்பு ஒரேயடியாக இறங்கி, கோமாளி மீன் ஜோடி இரண்டும் மல்லாந்துவிட்டன. வந்து பார்த்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். மறுநாளே முதல் மிதவையை வாங்கி வந்தார்.

போன மாதம் எந்திரம் ஒருவழியாக வழிக்கு வந்தது. பதினெட்டு நாள் ஒரு சொட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. என் தங்கை மகள் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அப்போது மனிதர் ஆரம்பித்தார்: "நான் இருக்கறப்ப நல்லா ஓடுது. நான் இல்லாதப்ப ஓடுமான்னு நான் எப்படிப் பார்க்கறது?"

அவர் கவலை அவருக்கு. பழுது பார்த்த எந்த லிஃப்டிலும் முதல் ஆளாக அவர்தான் ஏறுவார். தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்டபடி மேலும் கீழும் மூன்று தடவை போய்வந்த பிறகே அடுத்தவரை ஏற விடுவார். இந்த எந்திரத்தில் அப்படி ஏறிப் பார்க்க வழியில்லை.

என் தங்கை கத்தவில்லை. பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். "அந்த வீட்ல நமக்குன்னு ஒரு கட்டில் போட்டு வச்சிருக்கா. ஒன்றரை வருஷமா அதுல யாரும் படுக்கல. நான் போறேன். நீங்க வந்தா வாங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் தொட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டிருப்பேன், நாலடி நீளமாக இல்லாவிட்டால்.

சனிக்கிழமை காலை பெட்டிகள் படியிறங்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். என் தங்கை முன்னால் இறங்கிப் போனாள், பின்னால் மாப்பிள்ளை. தேய்த்த சட்டை, காதில் பென்சில். என் கையில் சாவியை வைத்தார்.

"அதான் மிஷின் ஓடுதே, எனக்கு எதுக்குச் சாவி?"

"ப்ளக்கப் புடுங்கிட்டேன் மச்சான்."

மூன்று வருடம், மூன்று மிதவை, ஒரு டீ வடிகட்டி, என் கூரை! கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். மாப்பிள்ளை அவசரப்படாமல் தோள்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்தார். உள்பக்கம் பேப்பர் டேப் ஒட்டியிருந்தது, அதில் பென்சிலால் ஒரே ஒரு கோடு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மக்கைத் திருப்பி, கைப்பிடி என் பக்கம் வரும்படி நீட்டினார்.