ஷேடு என்றொரு கட்டம்

வைர வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் அல்லிநகரத்தில் யாரும் முதலில் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். காதைத்தான் பார்ப்பார்கள். அதில் கவரிங் தோடு கிடக்கும். "வைரத்துக்குள்ளயே இருந்துக்கிட்டு இதையா போட்டுருக்க?" என்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டே விட்டாள். பேங்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் பணத்தை மடியில் கட்டிக்கொண்டா வீட்டுக்கு வருகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசுவதில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

என் வேலை தேனி கடைத்தெருவில், ஒரு நகைக் கடையின் மாடியில். கீழே நகை வியாபாரம் நடக்கும். மேலே ஒரு கம்ப்யூட்டர், ஒரு இரும்புப் பெட்டகம், வடக்குப் பார்த்த ஒரு சன்னல், அப்புறம் நான். முதலாளி சூரத்துக்குப் போய் பட்டை தீட்டிய வைரங்களை வாங்கி வருவார். நாடு முழுவதும் உள்ள நகைக்காரர்கள் பார்த்து வாங்குகிற இணையச் சந்தை ஒன்று இருக்கிறது. அதில் அந்தக் கற்களை ஏற்றுவது என் பொறுப்பு. ஒரு கல்லுக்கு ஒரு வரி. வடிவம், எடை, நிறம், சுத்தம், வெட்டு, சோதனைக்கூடம் கொடுத்த சர்டிபிகேட் எண் என்று ஒரு வரிக்கு முப்பதுக்கு மேல் கட்டங்கள். காலை பத்து மணிக்குள் பட்டியல் முழுவதையும் ஏற்ற வேண்டும். புதுப் பட்டியல் ஏறியதும் பழையது அழிந்துவிடும். ஒரு வரி விட்டுப்போனால், கல் பெட்டகத்தில் பத்திரமாக இருந்தாலும் வாங்குகிறவனுக்கு அது இல்லை.

ஊர் என்ற கட்டத்தில் ஆரம்பத்திலேயே ஒரு தகராறு. அந்தச் சந்தைக்காரர்கள் கொடுத்திருந்த ஊர்களில் தேனி இல்லை. மும்பை என்று போடு என்றார் முதலாளி. நான் 'மற்றவை' என்பதை எடுத்து, பக்கத்தில் தேனி என்று அடித்துவிட்டேன்.

"ஏம்மா, தேனின்னு போட்டா எவன் வாங்குவான்?"

"கூரியர் கவர்ல தேனின்னுதானண்ணே இருக்கும். அப்பப் பாத்துட்டு எதுக்குப் பொய் சொன்னேன்னு என்னியத்தான கேப்பான்."

தேனி அப்படியே நின்றது. என்னைத்தான் கேட்பார்கள் என்பது உண்மை. முதலாளிக்குத் தமிழும், சூரத் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு இந்தியும்தான் வரும், ஆங்கிலம் வராது. அதனால் 'தொடர்புக்கு' என்ற கட்டத்தில் என் பெயரும் என் செல் நம்பரும் இருந்தன. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எங்கள் வீட்டு வரி ரசீதில் மாமனார் பெயர், கரண்டு கார்டில் மாமனார் பெயர், கேஸ் புத்தகத்தில் வீட்டுக்காரர் பெயர். என் பெயர் தனியாக, யாருக்கும் கீழே இல்லாமல் நின்றது அந்த ஒரு கட்டத்தில் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் போடியில் ஆறு வருஷம் ஏலக்காய் பொறுக்கினேன். அஞ்சல் வழியில் பி.காம். படித்ததும் அந்த வருமானத்தில்தான். வெள்ளைச் சாக்கு விரித்து, காயைப் பரப்பி, கண்ணாலேயே தரம் பிரிக்க வேண்டும். பச்சை மாறாத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். பச்சை எவ்வளவு நன்றாக நிற்கிறதோ அவ்வளவு மதிப்பு. ஆறு வருஷம் தினமும் பச்சையைத் தேடிப் பழகிய கண் இது. வேறு வேலைக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வர முடியும்?

போன வருஷம் முதலாளி சூரத்துக்குப் போயிருந்த வாரம், பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. ஷேடு, அதாவது கல்லுக்குள் லேசாக ஓடும் நிறச் சாயல். சொடுக்கினால் நான்கு பதில்கள் வரும். ஷேடு இல்லை, பிரவுன், பச்சை, பால் நிறம். சர்டிபிகேட்டைப் பார்த்தேன். அதில் வெள்ளையிலிருந்து மஞ்சள் வரைக்கும் ஒரு ஆங்கில எழுத்து கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். ஷேடு பற்றி ஒரு வார்த்தை இல்லை. போன் செய்து கேட்டேன். முதலாளி ஏதோ இரைச்சலுக்கு நடுவில் நின்றுகொண்டு, "நாப்பது கல்லயும் நீயே பாத்துப் போட்டு விட்டுரும்மா" என்று வைத்துவிட்டார்.

பார்த்தேன். வெள்ளைத் தாளை மடித்து, சன்னலோரம் வைத்து, ஒவ்வொரு கல்லாகக் கவிழ்த்துப் பார்த்தேன். வைரத்தைக் கவிழ்த்து வைத்தால்தான் அதன் நிறம் தெரியும். இருபத்தொன்பது கல் சுத்தமாக இருந்தன. பதினொன்றில் பச்சை. அதிகம் இல்லை, வெந்நீரில் ஒரு ஏலக்காய்த் தோலைப் போட்டு உடனே எடுத்துவிட்ட அளவுக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். முதல் தரக் கற்களை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பதினொன்றுக்கும் பச்சை என்று போட்டதோடு விடவில்லை. குறிப்பு எழுதும் இடத்தில், 'அருமையான பச்சை நிறம்' என்று ஆங்கிலத்தில் அடித்து ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளி ஊரிலிருந்து வந்து நேராக மாடி ஏறினார். சூரத்தில் யாரோ பட்டியலைக் காட்டிக் காட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

"வைரத்துல பச்ச வந்துச்சுன்னா அது மட்டமான கல்லும்மா. அத மறைக்கத்தான் ஊரே பாடாப் படுது. நீ என்னான்னா அருமையான பச்சன்னு தண்டோரா போட்டுருக்க." கீழே நகை காட்டும் பெண்களுக்குக் கேட்கும்படிதான் பேசினார். "ஏலக்கா பொறுக்குனவளக் கூட்டியாந்து இங்கன உக்கார வச்சேன் பாரு, எம்புத்தியச் சொல்லணும்."

எனக்குக் காது வரைக்கும் சுட்டது. ஆனாலும் தப்பு என்னுடையதுதான். 'அருமையான' என்பதை அவர் முன்னாலேயே பதினொரு வரியிலும் அழித்தேன்.

"அப்படியே ஷேடு இல்லன்னு மாத்திரு."

மாற்றத்தான் போனேன். சொடுக்குவதற்குமுன் ஒரு கல்லை எடுத்துத் தாளில் கவிழ்த்துப் பார்த்தேன். பச்சை அப்படியே இருந்தது. நான் பாராட்டினது தப்பு. பார்த்தது தப்பில்லை.

"பச்சதானண்ணே இருக்கு."

"இருந்துட்டுப் போகுது. சர்டிபிகேட்ல இருக்கா? இல்லேல்ல? அதுல இல்லாதத நீ எதுக்குப் போடுற?"

"சர்டிபிகேட்ல எழுதியிருக்கறவனுக்கு யாரும் போன் பண்ண மாட்டாக. எனக்குத்தான் பண்ணுவாக. எம்பேரு இருக்கற எடத்துல இல்லன்னு போட மாட்டேண்ணே."

இப்போது நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அந்த நிமிஷத்தில் நான் வைரத்துக்காகப் பேசவில்லை, நேர்மைக்காகக்கூடப் பேசவில்லை. ஏலக்காய் பொறுக்கினவள் என்று சொன்னாரே, அந்த ஏலக்காய்க் கண்ணுக்காகப் பேசினேன். அந்தக் கண்ணைச் சந்தேகப்படுகிற உரிமை அவருக்கு இல்லை என்று தோன்றியது.

அவர் பாஸ்வேர்டு கேட்டார். உடனே எழுதிக் கொடுத்தேன். கடை அவருடையது, கல் அவருடையது. "எம்பேரையும் நம்பரையும் எடுத்துட்டு ஒங்களத போட்டுக்கங்க" என்று மட்டும் சொன்னேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி, பதினொரு வரியையும் அவரே மாற்றினார். தொடர்புக்கான கட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் சின்னமனூரிலிருந்து மேகமலை எஸ்டேட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறவர். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன்.

"அவுக கல்லு, அவுக கடை. போடச் சொன்னதப் போட்டுட்டு வர வேண்டியதுதான? ஒனக்கென்னாடி வந்துச்சு?"

"ஒங்க ஜீப்புல பிரேக்கு பிடிக்கலன்னு தெரிஞ்சும், ஓனர் சொன்னாருன்னு ஆள ஏத்துவீகளா?"

"அது வேற."

"என்னா வேற?"

அவர் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டார். பயமாக இல்லையா என்றால், இருந்தது. தேனியில் என் படிப்புக்கு, என் வயசுக்கு, உட்கார்ந்து பார்க்கிற வேலை இன்னொன்று எளிதில் கிடைக்காது. இது போனால் மறுபடி போடிக்கு பஸ் ஏற வேண்டும். ஏலக்காய் பொறுக்குவதில் எனக்கு ஒரு கேவலமும் இல்லை. ஆனால் விரட்டி அனுப்பப்பட்டவளாக அங்கே போய் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாள் கழித்துக் கேரளாவில் கட்டப்பனையிலிருந்து ஒரு நகைக்காரர் வந்தார். குமுளி வழியாகக் காரில் இறங்கி வந்திருந்தார். வெள்ளை வேட்டி, அறுபது வயசு இருக்கும். பட்டியலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்த எட்டுக் கற்களை எடுக்கச் சொன்னார். முதலாளி சன்னலோரம் தாளை மடித்து எட்டையும் வைத்தார். அதில் ஐந்து, என்னுடைய பதினொன்றில் உள்ளவை.

"ஷேடு ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் சுத்தம்" என்றார் முதலாளி.

வந்தவர் கல்லைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என்னைப் பார்த்தார். போன வாரம் இதே கற்களுக்குப் பச்சை என்று போட்டிருந்ததையும், அப்போது ஒரு பெண் பெயர் இருந்ததையும், இப்போது பெயரும் நிறமும் சேர்ந்து மாறிவிட்டதையும் சொல்லி, அந்தப் பெண் நீதானா என்று கேட்டார். அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத்தான் நேரில் வந்தாராம்.

"ஆமா" என்றேன்.

"அப்போ மோளே, நீ பற. இதில் பச்ச உண்டோ?" மகளே நீயே சொல் என்று மலையாளத்தில் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. எழுந்து போய் டுவீசரை எடுத்து, ஐந்து கல்லையும் இடது பக்கம் தள்ளி வைத்தேன்.

"இந்த அஞ்சும் பச்ச. அந்த மூணும் சுத்தம்."

அவர் தலையை ஆட்டினார். மூன்றை வாங்குவார் என்று நினைத்தேன். வாங்கவில்லை. ஆலோசித்துச் சொல்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டவுடன் முதலாளி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நாளைலருந்து வராத."

மறுநாள் போனேன். வீட்டில் சொல்லாமல், வழக்கம்போல் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு, ஒன்பதரைக்கு மாடி ஏறினேன். என் நாற்காலியில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பட்டியல் ஏறாமல் திரையில் சிவப்பு எழுத்து வந்திருந்தது. எங்கோ ஒரு கட்டம் நகர்ந்திருக்க வேண்டும்.

"யாரு ஒன்ன வரச் சொன்னது?"

"வேலை கேட்டு வரலண்ணே. போறேன்னு சொல்லத்தான் வந்தேன். ஆனா ஒண்ணு. அந்தக் கல்லுகள எடுத்துத் தாள்ல வைங்க. நல்லாப் பாத்துட்டு, பச்ச இல்லன்னு ஒங்க வாயால சொல்லுங்க. வாங்க வர்றவுகளுக்குச் சொல்ற மாதிரி இல்ல, எனக்குச் சொல்லுங்க. எங்கண்ணுதான் தப்புன்னு எறங்கிப் போயிர்றேன்."

முப்பது வருஷமாகக் கல் பார்க்கிற மனுஷன். என்னை வெளியே போ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டகத்தைத் திறந்து பதினொன்றை மட்டும் எடுக்காமல் நாற்பதையும் எடுத்தார். சன்னலோரம் கொட்டி, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்து, லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கீழே யாரோ கொலுசு பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கல்லை இடது பக்கம் ஒதுக்கினார். அப்புறம் இன்னொன்று. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினொன்று வந்ததும் நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. சுத்தம் என்று நான் விட்டிருந்த கற்களில் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்துவிட்டு, அதையும் இடது பக்கம் வைத்தார்.

"பதினொன்னு இல்லம்மா. பன்னெண்டு."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். மிக மெல்லிய பச்சை. இருந்தது. எனக்கு வந்த கோபம் எல்லாம் இப்போது என் மேலேயே வந்தது. ஆறு வருஷக் கண்ணுக்கு இது எப்படித் தப்பியது?

"இத எப்படி விட்ட?" என்று கேட்டபடியே அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டார்.

"பாக்கலண்ணே" என்றேன்.

உட்கார்ந்தேன். நகர்ந்திருந்த கட்டத்தைச் சரி செய்தேன். பன்னிரண்டு வரியிலும் பச்சை என்று போட்டேன். பிறகு, அவரைக் கேட்காமலேயே, தொடர்புக்கான கட்டத்தில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு என் பெயரை அடித்து, பட்டியலை ஏற்றினேன்.