அட்டை கடித்தால் எப்போது நிற்கும்?

இரத்தம் சரியாக உறையாத நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள் நான். கொழும்பில் படிப்பை முடித்துவிட்டு, பிறந்த ஊரான பதுளைக்கே திரும்பி வந்தேன். தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய், அளவுக்கு மீறி இரத்தம் போகிற பெண்களைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலையில் பாதி. அவர்களாக வருவதில்லை. மாதாமாதம் படுகிற பாட்டை நோய் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

நான் கேட்க வேண்டிய கேள்விகள் வேறெங்கோ எழுதப்பட்டவை. சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டால் எவ்வளவு நேரம் கசியும் என்பது அதில் ஒன்று. மடுல்சீமையில் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் அதைக் கேட்டபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று நல்ல மழை. எல்லோர் காலிலும் அட்டைக் கடி.

"சரி, அட்டை கடிச்சா ரத்தம் எப்ப நிக்கும்?" என்று கேட்டேன்.

அட்டையின் எச்சில் இரத்தத்தை உறையவிடாது. யாருக்கும் சற்று நேரம் கசியத்தான் செய்யும். கொழுந்து நிறுப்பதற்குள் நின்றுவிடும் என்றார்கள் பலர். பின்னால் நின்ற ஒருத்தி மட்டும், "எனக்கு மறுநாள் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போறப்பவும் கசியும் மிஸ். எங்கம்மாவுக்கும் அப்படித்தான்" என்றாள்.

முப்பது வயதிருக்கும். உதடு வெளுத்து, ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. சொத்தைப் பல்.

"ஏன் புடுங்காம வெச்சிருக்கீங்க?"

"எங்க பெரியம்மா பல்லு புடுங்கி, ரத்தம் நிக்காமத்தான் செத்துப்போச்சு மிஸ். அந்தப் பயந்தான்."

அங்கேயே அவளிடம் இரத்தம் எடுத்தேன். இந்தப் பரிசோதனைக்கு எடுத்த இரத்தம் சில மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் கெட்டுவிடும். வழியில் மண் சரிந்து பாதை அடைபட்டது. பதுளைக்கு வந்து சேர்ந்தபோது அந்த இரத்தத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆகவே இரத்தத்தைக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, இரத்தத்துக்குச் சொந்தக்காரர்களையே, அவளையும் அவள் தாயையும், பதுளைக்கு வரச் சொன்னேன்.

தாயும் மகளும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், திருவிழாவுக்கு உடுத்துகிற சேலையில். தன் இரத்தம் இயந்திரத்தில் சுற்றுவதைத் தாய் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

முடிவு வந்ததும் மறுபடி அழைத்து உட்காரவைத்துச் சொன்னேன். "காயம் பட்ட எடத்துல ரத்தத்தை ஒட்ட வைக்கப் பசை மாதிரி ஒரு சத்து இருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் அது பொறப்புலயே கொறச்சல். மருந்து இருக்கு."

தாய் கேட்டாள்: "அப்ப யாரும் செய்வினை செஞ்சு வெச்சது இல்லையா?"

"இல்லைங்கம்மா."

"எங்க அக்கா செத்தது அடுத்த லயத்து வீட்டுக்காரி செஞ்ச வேலைன்னு, இன்னைக்கு வரைக்கும் அவளோட பேசாம இருக்கேன்" என்றாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, "போய்ப் பேசணும்" என்றாள்.

அடுத்தது பல். பல் வைத்தியருக்கு முதலில் தயக்கம். நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்ற பிறகுதான் சம்மதித்தார். முன்கூட்டியே நரம்பில் மருந்து ஏற்றினோம். பல் வந்துவிட்டது. குழியில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தோம். எத்தனையோ வருடம் ஆய்வுகூடத்தில் குழாய்களுக்குள் இரத்தம் உறைவதைப் பார்த்த நான், ஒரு மனுஷி வாயில் அது உறைவதற்காக இப்படித் தவித்ததில்லை. தாய் சும்மா சும்மா, "வாயைத் தொற, பாப்போம்" என்றாள். மாற்றிய ஒவ்வொரு பஞ்சிலும் சிவப்பு குறைந்தது. கடைசிப் பஞ்சு வெறும் எச்சிலோடு வந்தது. தாய் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். தலையணை உறையில் ஒரு சொட்டுக் கறை இல்லை. அவள் ஆறிய தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் டம்ளரை வைத்துவிட்டு, "மிஸ், இந்தப் பக்கமும் ஒண்ணு ஆடுது. வந்ததோட அதையும் புடுங்கிரலாமா?" என்றாள்.

"சும்மா இரு புள்ள" என்று தாய் அதட்டினாள். அதட்டியவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.