பாதி அடைத்த துளைகள்

சங்கராபுரத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில், இருசப்பன் ஆட்டுப் புழுக்கையையும் காய்ந்த சாணத்தையும் டிரம்மில் சுட்டுக் கரியாக்கி நாற்றங்கால்களுக்குக் கொடுத்துவந்தார். எரிப்பது பெரிய காரியமில்லை. சூட்டை அடக்குவதுதான் காரியம். புகை வெள்ளையாக வரும்வரை ஈரம் போகிறது. மெலிந்து நீலமானதும் அடியிலுள்ள துளைகளைச் சேறு வைத்து அடைத்துவிட வேண்டும். தவறினால் சூடு ஏறிச் சாம்பலாகும். அதன் காரம் இளம் வேரைச் சுட்டுவிடும்.

மாவட்டம் பிரிந்த அடுத்த வருஷம், தங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்கும் போராட்டத்துக்கு வீட்டுக்கு ஒருத்தர் வரவேண்டும் என்று ஊரில் முடிவானது. டிரம்மைப் பற்றவைத்த நேரத்தில் வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று பாதித் துளைகளை மட்டும் அடைத்துவிட்டு ஏறிக்கொண்டார். போலீஸ் எல்லாரையும் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சாயங்காலம்தான் விட்டது.

வந்து மூடியைத் திறந்தால் மேல்பாதி வெளுத்துக் கிடந்தது. கொட்டியிருக்கலாம். ஆனால் மறுநாள் கரி வாங்க நிர்மலா வருவாள். கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவள், முதல்முறையாகக் கால் காணி குத்தகைக்குப் பிடித்து மிளகாய் நாற்றுவிட இருந்தாள். போராட்டத்துக்குப் போனதில் சரக்கு கெட்டது என்று காலனியிலிருந்து வருகிறவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெளுத்ததைக் கரியோடு கலந்து, தண்ணீர் தெளித்துக் கறுப்பாக்கிக் கொடுத்தனுப்பினார்.

முளைத்த நாற்று இலையோரம் கருகிச் சாய்ந்தது. "நாந்தான் தண்ணி ஜாஸ்தி வுட்டுட்டன் போலக்கீதுண்ணா" என்று வந்து நின்றாள் நிர்மலா. குத்தகை பிடிக்கிற மூஞ்சியைப் பார் என்று புருஷன் கேலி பேசுவதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"தண்ணி இல்லம்மா. சாம்பலு. தெரிஞ்சேதான் கலந்தேன்."

"இத எங்க வூட்டுக்காரரு முன்னாடி வந்து சொல்லுங்க. அது போதும்" என்றாள் அவள்.

வருகிறேன் என்றார். காலனிக்குள் அவர் அதுவரை காலெடுத்து வைத்ததில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். பொங்கல் கழிந்ததும் அந்த நிலத்தில் வேறொருவர் மரவள்ளி நட்டார். நிர்மலா பழையபடி கரும்பு வெட்டப் போனாள்.

சாகும்வரை இருசப்பன் எத்தனையோ முறை காலனித் தெருமுனைக்கு நடந்துபோனார். நின்றுவிட்டுத் திரும்புவார். யாராவது கேட்டால், மாட்டைத் தேடி வந்தேன் என்பார்.