தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. முதல் இரண்டும் ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டன. அதனால் தீட்டு கழிந்த அன்றே இவனைப் பக்கத்து வீட்டு அக்காவின் மடியில் போட்டு, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அவளுக்கு நாலு பிள்ளைகள், நாலு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள். இவனும் அவள் பிள்ளைதான் என்று எமன் நினைத்துக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுவானாம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஆனால் யார் கேட்டாலும் என் பிள்ளை என்று வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது.

ஐம்பதுகளின் கடைசி. அவனுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது எனக்குப் பால் வற்றிப்போனது. பிள்ளை இளைத்துக்கொண்டே வந்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, எங்கள் சந்துக்கு அடுத்த தெருவில் முனிசிபாலிட்டி தாய் சேய் நல விடுதி இருந்தது. வாரம் ஒருநாள் கைக்குழந்தைகளை எடை பார்த்துப் பால் பவுடர் கொடுப்பார்கள். எனக்கு எடை போடுவதே பிடிக்கவில்லை. பிள்ளை என்ன கத்தரிக்காயா, தராசில் வைக்க? ஆனாலும் தூக்கிக்கொண்டு போனேன், வேறு வழியில்லை.

வரிசை வாசல்வரை நின்றது. நர்ஸம்மா புதிதாக வந்தவள், மலையாளத்துப் பக்கம். அடுத்தவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து இரண்டு பங்கு வாங்கிப் போகிற கெட்டிக்காரிகள் இருந்தார்கள். அதனால் ஒவ்வொருத்தியையும் கேட்டுத்தான் கொடுத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

"உன் குழந்தையா?"

நாக்கு பழக்கத்தில் சொல்லிவிட்டது. "இல்லீங்க, தவிட்டுக்கு வாங்கினது."

"வாங்கினதா? அப்ப பெத்தவ எங்க?"

"பக்கத்து வீட்டு அக்காங்க. ஸ்ரீரங்கத்துக்குப் பூ விக்கப் போயிருக்காங்க."

"அவங்களையே வரச்சொல்லு. பெத்த தாய்க்குத்தான் பவுடர். தள்ளி நில்லு."

வரிசையில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. திறந்து, நாளைக்குப் பிள்ளைக்கு ஒன்று என்றால் பழி அவள் தலையில்தானே விழும்?

சுவரோரம் நின்றேன். அவன் அழக்கூடத் தெம்பில்லாமல் என் புடவைத் தலைப்பைச் சப்பிக்கொண்டிருந்தான். சொன்னால் எமன் கேட்டுவிடுவான், சொல்லாவிட்டால் பிள்ளை பட்டினியிலேயே போய்விடுவான். முதல் இரண்டையும் குளிப்பாட்டும்போது "என் பிள்ளை, என் ராஜா" என்று தெருவுக்கே கேட்கக் கொஞ்சியவள் நான்.

நர்ஸம்மா பவுடர் டின்னை மூடப் போனாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, காதோரம் "நான் பெத்ததுதாங்க" என்றேன்.

"என்ன? சத்தமாச் சொல்லு."

"என் பிள்ளைங்க! என் பிள்ளை!"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நர்ஸம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவனை எடை பார்த்து, என் தூக்குவாளி நிறையப் பவுடர் போட்டுக் கொடுத்தாள்.

திரும்பும்போது அவன் தோளிலேயே தூங்கிப்போனான். நான் கத்தியது எமன் காதில் விழுந்து எடுத்துக்கொண்டானோ என்று நினைத்தேன். தொடையில் கிள்ளினேன், வீலென்று கத்தினான். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தூங்கினான், மறுபடியும் கிள்ளினேன். தெருவில் பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பவுடர் பாலில் மெல்ல மெல்லத் தேறினான். வாரா வாரம் போனேன். நர்ஸம்மா அதற்கப்புறம் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் பயம் விடவில்லை. லேசாக உடம்பு சுட்டால்கூட, அன்றைக்குக் கத்தியது யார் காதில் விழுந்ததோ என்று ராத்திரி முழுக்க அவன் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஸ்கூலுக்குப் போகிற வயதில் ஒருநாள் அழுதுகொண்டே வந்தான். கூடப் படிக்கிறவர்கள் தவிடு, தவிடு என்று கேலி செய்தார்களாம்.

"அம்மா, நான் உன் பிள்ளைதானே?"

முகத்தைத் துடைத்துவிட்டேன். வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் எனக்கு வாய் வரவில்லை.

"இல்லடா, உன்னை வாங்கினதுதான்" என்று சொல்லி, அவனுக்கு மூச்சு முட்டும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.